செட்டிநாட்டு வளவுகள்

அயல்மண்ணில் பொருளீட்டுவோர் பிறந்த மண்ணில் வீடெடுக்க விழைவது நமக்குப் புதிதன்று. அவ்விழைவு எல்லை கடந்து பொலிந்த இடம் செட்டிநாடு. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940 வரை எழுப்பிய இல்லங்களில் வெறுமையாக விடப்பட்ட இடம் அரிது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, நிலைக்கு மேல் யானைகள் நீராட்டும் திருமகள்! ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று இன்றைய சிக்கன ரசனை முகம் சுளிக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

காலடியில் கிடப்பதோ உள்ளூர்க் கைத்திறன். ஆத்தங்குடிக் கல்லை வார்ப்போர், கண்ணாடிப் பலகைமீது அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, உலர்ந்தபின் நீரில் ஊறவைப்பர். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகாகிறது.

இத்தனை பகட்டும் முகப்புக்கும் பட்டாலைக்குமே உரியது. வளவைச் சுற்றி, மணமான மகனுக்கு ஒன்றென அமைந்த அறைகள் சிறியவை, எளியவை. அழகு பொதுவில் இருந்தது. அதனாலேயே பங்கிட இயலாததாயிற்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பின்வந்த நிலச்சட்டங்கள் எஞ்சியதையும் பறித்தன. பங்காளிகள் பெருகினர். தூணைப் பங்கிட, பெயர்த்து விற்பதன்றி வேறு வழியேது? காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் அவை அடுக்கப்பட்டன. விற்கப்படாத வீடுகள் பல, திருமணத்திற்குப் பங்காளிகள் கூடும்போது மட்டும் திறக்கப்படுகின்றன.