வேலியில் ஏறிய அவரைகள்

வீட்டுத் தோட்டத்தில் எந்தக் கொடி அவரையை நடலாம் எனப் பெற்றோர் சிலர் வினவியிருந்தனர். விடையை வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் ‘பீன்ஸ்’ என வாங்குவது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-க்குப் பின்னரே ஏனைய உலகம் அதனை அறிந்தது. குளிர்ந்த கேமரன் மலையில் செழிக்கும் அது, கெப்பாலா பத்தாஸ் வெப்பத்தில் பூவை உதிர்த்துவிடும். பிள்ளை ஆசையாய் நட்ட முதற்செடி காய்க்காவிடில், அடுத்த விதையை அதன் கையில் கொடுப்பது எளிதன்று.

நம் முன்னோரின் அவரை வேறு. சங்க நூல்களே அதனைக் கூறும். பொழுது குறுகினால் பூப்பது அதன் நாட்டு வகைகள் பலவற்றின் இயல்பு. ஆதலால் தமிழகத்தில் ஆடியில் விதைத்துப் பனிக்காலத்தில் காய் பறிப்பர். இங்கோ ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. ஆடிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

1974-இல், உலகெங்கும் உணவு விலை ஏறியிருந்த வேளையில், துன் அப்துல் ரசாக் அரசு ‘பச்சைப் புத்தகத் திட்டத்தை’ அறிவித்து, வெற்று நிலங்களில் காய்கறி பயிரிடத் தூண்டியது. மறு ஆண்டே அமெரிக்க அறிவியல் கழகம் சிறகவரையைப் புரதம் மிக்க வெப்பமண்டலப் பயிரெனப் புகழ்ந்து அறிக்கை வெளியிட்டது. அண்டை வீட்டு மலாய்க்காரர்கள் ‘கச்சாங் போத்தோல்’ என்று சம்பலுடன் பச்சையாகவே கடித்துவந்த காய்தான் அது!

என் தெரிவு: பிள்ளைகளுக்கு இரண்டே மாதத்தில் காய்க்கும் பயற்றங்காய், பொறுமையுள்ள பெரியவர்களுக்குச் சிறகவரை. அதன் விதைத்தோல் கடினமானது. ஓரிரவு நீரில் ஊறவைத்து நடுங்கள்.