பனிக்கடல் தந்த பயிற்சி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கடலியல் என்னும் அறிவியல் துறைக்கு அது பெரிதும் பொருந்தும். கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஓட்டத்தையும் நூல்களில் படித்தறியலாம். ஆயினும், உறைந்த கடலின் நடுவே, கைகள் விறைக்கும் குளிரில், கருவியை ஆழத்தில் இறக்கி அளந்தவர்க்கே அவ்வெண்களின் பொருள் முழுமையாக விளங்கும். இளம் அறிவியலாளரைக் கப்பலேற்றிப் பயிற்றும் மரபு ஆர்க்டிக் கடலில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. அம்மரபு வளர்ந்த வரலாறு, கற்பிப்போரும் கற்போரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது.

நார்வே நாட்டில் 1861-இல் பிறந்த ஃபிரித்யோஃப் நான்சென் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். ஆர்க்டிக் விலங்குகளை நேரில் கண்டு வருமாறு அவரைக் கடலுக்குச் செல்லத் தூண்டியவர் அவருடைய பேராசிரியரே. 1882-இல், இருபது வயதில், 'வைக்கிங்' என்னும் சீல் வேட்டைக் கப்பலில் நான்சென் புறப்பட்டார். கிரீன்லாந்துக் கரைக்கு அப்பால் கப்பல் பனிக்கட்டிகளிடையே சிக்கி, ஏறத்தாழ மூன்று வாரங்கள் அசைய இயலாமல் நின்றது. வேட்டைக்கு வந்தவர்களுக்கு அது பெருநட்டம்; மாணவருக்கோ அதுவே வகுப்பறை ஆயிற்று. கடற்பனி நீரின் அடியிலன்றி மேற்பரப்பிலேயே உருவாகிறது என்பதையும், குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே வெப்பமான நீர் ஓடுகிறது என்பதையும் அவர் அப்பயணத்தில் கண்டறிந்தார்.

சைபீரியாவுக்கு வடக்கே 1881-இல் பனியால் நொறுங்கி மூழ்கிய 'ஜீனெட்' கப்பலின் உடைபொருள்கள், மூன்றாண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. பனியே ஓடுகிறது என்றால், அதனோடு ஒரு கப்பலும் ஓடலாம் அன்றோ? இக்கருத்தை மெய்ப்பிக்கவே நான்சென் 1893-இல் 'ஃபிராம்' என்னும் கப்பலில் பன்னிருவரோடு புறப்பட்டார். பனி நெருக்கினாலும் நொறுங்காமல் மேலே எழும்பும்படி அதன் அடிப்பகுதி உருண்டையாக அமைக்கப்பட்டிருந்தது. மூன்றாண்டுகள் அக்கப்பல் பனியோடு மிதந்தது. துருவக் கடல் ஆழமற்றது என்னும் எண்ணத்தோடு சென்றவர்களின் அளவுக்கயிறு தரையை எட்டவில்லை. அவர்கள் கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்து நீண்ட கயிறு திரித்தனர். 3000 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை அளந்தனர்.

நான்சென் விடைகளோடு மட்டும் திரும்பவில்லை. இரண்டு புதிர்களையும் கொண்டு வந்தார். பனி, காற்று வீசும் திசையிலேயே செல்லாமல் 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகிச் சென்றது ஏன்? 1893-இல் சைபீரியக் கரையோரம், தெளிந்த கடலில், கண்ணுக்குத் தெரியாத கை பிடித்திழுத்தாற்போல் கப்பலின் வேகம் குன்றியது ஏன்? இவற்றைத் தமக்கென்று அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் பியர்க்னெஸிடம் கூற, அவர் தம் மாணவராகிய வால்ஃப்ரிட் எக்மனிடம் அவற்றை ஒப்படைத்தார். முதற்புதிரின் தீர்வை எக்மன் அன்று மாலையே கண்டுவிட்டார் என்பர். காற்று மேல்நீரைத் தள்ளுகிறது. ஒவ்வோர் அடுக்கும் தன் கீழுள்ளதை இழுக்கிறது. புவியின் சுழற்சியால் ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்று வலப்புறம் திரும்பி, வேகமும் குறைகிறது. 1902-இல் இதனை வெளியிட்ட எக்மனின் பெயராலேயே 'எக்மன் சுருள்' இன்றும் வழங்குகிறது. உப்புநீரின் மேல் நன்னீர் படிந்திருக்கையில், கப்பலின் ஆற்றல் அவ்விரண்டுக்கும் இடையே அலைகளை எழுப்புவதில் வீணாகிறது என்று இரண்டாம் புதிரையும் அவரே விடுவித்தார்.

பியர்க்னெஸின் மற்றொரு மாணவர் ஹரால்ட் ஸ்வெர்ட்ருப். அவர் 1918-இல், தம் 29-ஆம் வயதில், அமுண்ட்செனின் 'மாட்' கப்பலில் அறிவியற் பொறுப்பை ஏற்றார். அப்பயணம் ஏழாண்டுகள் நீண்டது. அதன் விலை சிறிதன்று. முதலாண்டு அளவைக் குறிப்புகளையும் கடிதங்களையும் சுமந்து 1919-இல் கரைவழியே நடந்த டெஸ்ஸெம், நுட்சென் என்னும் இருவரும் வழியிலேயே மாண்டனர். அவர்கள் சுமந்த கட்டுகள் 1922-இல் கண்டெடுக்கப்பட்டன. ஓர் அட்டவணையிலுள்ள எண்களுக்குப் பின்னால் மனித உயிர்களும் இருத்தல் கூடும் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

பனியில் கற்ற அந்த இளைஞரே 1936-இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்திற்கு இயக்குநரானார். அவர் இருவருடன் இணைந்து 1942-இல் வெளியிட்ட பெருநூல், பல்லாண்டுகள் அத்துறையின் பாடநூலாய் விளங்கியது. நொடிக்குப் பத்து லட்சம் கனமீட்டர் நீரோட்டத்தை இன்று 'ஒரு ஸ்வெர்ட்ருப்' என்றே அளக்கின்றனர்.

இம்மரபு அறுந்து போகவில்லை. 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' கப்பல், ஃபிராமைப் போலவே பனியோடு மிதக்கும் ஓராண்டு ஆய்வுக்குப் புறப்பட்டது. உடன் சென்ற 'அகாதெமிக் ஃபியோதரவ்' என்னும் ரஷ்யக் கப்பலில் இளம் ஆய்வாளர் இருபதின்மருக்கென ஒரு பள்ளியே நடைபெற்றது. அவர்கள் கப்பலில் பாடம் கேட்டனர். மூத்தோருடன் பனிமீது இறங்கிக் கருவிகளை நிறுவவும் துணைநின்றனர். நான்சென் கண்ட பழம்பனி மெலிந்து சுருங்கிவரும் இக்காலத்தில், அளக்கவேண்டியதை உரிய நேரத்தில் அளக்கவல்ல கைகள் தேவை. இன்று அளக்கத் தவறியதை நாளை மீண்டும் அளக்க இயலாது.

ஒரு பேராசிரியர் மாணவரைக் கடலுக்கு அனுப்பினார். அம்மாணவர் வளர்ந்தபின், தம்மால் விடுவிக்கவியலாத வினாவை மற்றோர் இளைஞருக்கு வழங்கினார். தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை. தெரியாததை நம்பி ஒப்படைப்பதோ அவர்தம் பெருந்தன்மை. ஆர்க்டிக் கடலின் அறிவு அவ்விரண்டாலும் வளர்ந்ததேயாகும்.