குழந்தை சொல்லாத எழுத்தை நாம் நிரப்பக்கூடாது

திருமுக்கூடலுக்கு நான் போனது கல்வெட்டுக்காகத்தான். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தில் இருக்கிற வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு. 15 படுக்கையோடு ஒரு மருத்துவமனை, அதில் இருந்த மருந்துகள், வேதம் படித்த மாணவர்களின் சாப்பாடு, அவர்களுக்கு சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய் வரைக்கும் கணக்கு இருக்கு. அந்தப் பிள்ளைகள் வாயால் சொன்ன ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்திலேயே காஞ்சிபுரம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறம். அதனால் நெசவாளி ஒரு பக்கம் இருக்க, கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு கை வேணும். பல காலம் அது பிள்ளையின் கையாக இருந்தது. வீட்டுக்காரர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த காஞ்சிபுரம் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது.

1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடை செய்தது. சொந்தக் குடும்பத் தறி என்றால் விலக்கு. ஆக, யார் தறி, எத்தனை மணி நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. ஆனால் "நீ வேலைக்குப் போறியா?"ன்னு ஒரு சமூகப் பணியாளர் கேட்டால், "இல்ல, அம்மாவுக்கு ஒத்தாசை"ன்னு பதில் வரும். பிள்ளை பொய் சொல்லணும்னு இல்லை, கேள்வியே அப்படி. "நேத்து எந்திரிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் வரைஞ்சு காட்டு" என்றால் தறி படத்துக்குள் வந்துவிடும். "இது யார் வீடு?"ன்னு அப்புறம் கேட்கலாம்.

இந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனில் 1928இல் குழந்தைகளுக்கான மருத்துவ மையம் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்ட், மணல் தட்டும் குட்டிக் குட்டி பொம்மைகளும் கொடுத்தார். யோசனைக்கு விதை, எச்.ஜி.வெல்ஸ் 1911இல் தரை விளையாட்டுகளைப் பற்றி எழுதிய புத்தகம். 1995இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் வந்த பிள்ளைகளிடம் பேசினார்கள். வரைந்துகொண்டே சொன்ன 5, 6 வயதுப் பிள்ளைகள், வெறுமனே சொன்னவர்களை விட அதிகம் சொன்னார்கள். 3, 4 வயதுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதே பொம்மை கெடுதலும் பண்ணியிருக்கு. 1983இல் கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கைப்பாவைகளை வைத்து விசாரித்தார்கள். "மத்தவங்க எல்லாம் சொல்லிட்டாங்க" என்கிற மாதிரி தூண்டினார்கள். எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டினார்கள். 1990 வரை இழுத்த வழக்கில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. உண்மையில் என்ன நடந்ததுன்னு இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பாவை மேல் தப்பில்லை; பதிலை முன்னாடியே முடிவு செய்துவிட்டு கேட்டதுதான் தப்பு.

நம் ஊரில் 2012 போக்சோ சட்டம் இந்த அச்சத்தைக் கொஞ்சம் குறைத்தது. வாக்குமூலம் வாங்குகிற போலீஸ் சீருடையில் வரக்கூடாது. பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ கேட்கணும். நீதிமன்றத்தில் வக்கீலின் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் போகணும். ஆனால் திறந்த கேள்வி கேட்கிற பழக்கத்தை சட்டத்தால் மட்டும் கொண்டுவர முடியாது. பயிற்சி வேணும்.

கல்வெட்டு படிக்கிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைப்பார்கள். ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், கல்லில் இருந்ததோடு கலக்க மாட்டார்கள். பிள்ளை "தறிக்குப் போறேன்"ன்னு சொன்னால் குறிப்பேட்டில் அதுவே இருக்கட்டும். "கொத்தடிமை"ங்கிற சொல் நம்முடையது. அது தனி வரியில் வரட்டும். வரைந்த படம் பாதியில் நின்றால், பாதியில் நின்றதுன்னே எழுதணும்.