கம்பி வழியே அபயக்குரல்: வீட்டு அலாரமும் மாறிப்போன தொலைபேசி இணைப்பும்



தகவல் தொடர்பு வரலாறு என்றதும் தந்தி, தொலைபேசி, இணையம் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பழைய கம்பியை நம்பியிருந்த மற்றப் பொருள்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. எனக்கே அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்துதான் வந்தது.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் திருட்டு அலாரம் ஒன்று உண்டு. அதோடு அம்மாவுக்காக ஓர் அவசரப் பொத்தானும் வைத்திருந்தோம். அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் ஆட்டோ டயலர் தானாகவே கண்காணிப்பு நிலையத்துக்கு எண்ணைச் சுழற்றும். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு பிராட்பேண்ட் போட ஆள் வந்தார். தொலைபேசியைக் காதில் வைத்துப் பார்த்தார், "லைன் ஓகே சார்" என்றார், போய்விட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து பொத்தானை அழுத்தியிருக்காங்க. வீட்டுக்குள்ள சைரன் கத்தியது. நிலையத்துக்கு ஒண்ணும் போகலை. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்ததால் பிழைத்தோம். டயலரின் ஒயர் பழைய செத்துப்போன கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வரலாற்றில் முதலில் வந்தது தொலைபேசி அல்ல, அலாரம்தான். மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அலாரத்துக்கு 1853-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதைத் தொழிலாக்கினார். பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். மறு ஆண்டே பாஸ்டனில் ஹோம்ஸ் குடும்பத்தார் தங்கள் அலாரக் கம்பிகளில் தொலைபேசிகளை மாட்டி, வங்கிகளை ஒன்றோடொன்று பேச வைத்தார்கள். பகலில் பேச்சு, இரவில் அலாரம். தொலைபேசி அலாரத்தின் வீட்டுக்குக் குடிவந்த வாடகைக்காரர் என்றே சொல்லலாம்!

நம் பினாங்கும் கம்பி வரலாற்றில் ஒதுங்கி நின்ற ஊர் அல்ல. சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-இல் போடப்பட்டது. 1914 அக்டோபர் 28 விடிகாலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்த கதை உங்களுக்குத் தெரியும். (கெட்டிக்கார ஆளை "பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அதே கப்பல்தான்.) அதே எம்டன் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்குப் போனது, அங்கிருந்த கேபிள் நிலையத்தை அழிப்பதற்காக. கரையேறியவர்கள் கம்பியை வெட்டினார்கள், வயர்லெஸ் கோபுரத்தைச் சாய்த்தார்கள். ஆனால் அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியை நிலையத்தார் அதற்கு முன்பே வயர்லெஸ்ஸிலும் கேபிளிலும் தட்டிவிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது. இரண்டு பாதை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது டயலருக்கு வருவோம். பழைய தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது அதனால்தான். அலாரப் பெட்டிக்குள்ளும் ஒரு பேட்டரி உண்டு. ஆக, திருடன் மெயின் சுவிட்சை அணைத்தாலும் தகவல் போய்விடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. மலேசியாவில் 2010 மார்ச்சில் யூனிஃபை அறிமுகமானதிலிருந்து பல வீடுகளில் தொலைபேசியின் உயிர், சுவரில் செருகிய அடாப்டரில் இருக்கிறது. கரண்ட் போனால் மோடம் போச்சு, மோடம் போனால் போன் போச்சு. அலாரம் மட்டும் உயிரோடு இருந்து யாரிடம் பேசும்?

இன்னொரு சிக்கல் ஒலியில் இருக்கிறது. டயலர் மனிதக் குரலில் பேசுவதில்லை. காண்டாக்ட் ஐடி என்ற முறையில், எதிர்முனை இரண்டு ஒலிகளை அனுப்பி வணக்கம் சொல்லும். பிறகு டயலர் 16 இலக்கங்களை, பொத்தானை அழுத்தும்போது வரும் அதே ஒலியில், சரசரவென்று அனுப்பும். அதில் 130 என்றால் திருட்டு, 110 என்றால் தீ, 100 என்றால் மருத்துவ உதவி. கடைசி இலக்கம் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு. ஓர் இலக்கம் சிதைந்தாலும் செய்தி நிராகரிக்கப்படும். பிராட்பேண்ட் தொலைபேசி ஒலியைத் துண்டுதுண்டாக்கிப் பொட்டலமாக அனுப்புகிறது. சில அமைப்புகளில் நசுக்கியும் அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் நம் காதுக்குத் தெரியாது, டயலருக்குத் தெரியும். அதனால்தான் "பேச முடியுது, அப்ப லைன் ஓகே" என்பது போதாது.

இது எங்கள் வீட்டு வம்பு மட்டுமல்ல. பிரிட்டனில் முதியோரின் அவசரச் சாதனங்கள் புதிய இணைப்பில் செயலிழந்த கடுமையான சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. பழைய தொலைபேசிக் கட்டமைப்பை 2025 இறுதியில் மூடும் திட்டம் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். தெருவிலிருந்து வரும் பழைய கம்பியை வீட்டு ஒயரிங்கிலிருந்து முதலில் துண்டித்தார்கள். மோடத்தின் தொலைபேசித் துளையிலிருந்து ஒரு கம்பியை நேராக அலாரப் பெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வீட்டுத் தொலைபேசிகளுக்கு எடுத்தார்கள். இந்த வரிசை முக்கியம், யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் அலாரம் லைனைப் பறித்துக்கொள்ள வேண்டுமே! ஒலியை நசுக்காத ஜி.711 முறை இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்தினோம். மோடத்துக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கினோம். அதோடு சிம் கார்டு போட்ட இரண்டாவது பாதை ஒன்று, கோகோஸ் தீவு வயர்லெஸ் மாதிரி.

தேர்வு மாணவர்களுக்கு: "தொழில்நுட்ப மாற்றத்தின் விளைவுகளை விளக்குக" என்ற வகை வினா வந்தால் நன்மைகளை மட்டும் அடுக்காதீர்கள். பழைய அமைப்பு கேட்காமலே கொடுத்துவந்த ஒன்றை, இங்கே நிலையத்து மின்சாரத்தை, காட்டி எழுதினால் விடைக்கு எடை கூடும். ஆசிரியர்கள், வீட்டில் யாருக்கெல்லாம் அலாரம் இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் இப்போது மாதம் ஒரு ஞாயிறு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சோதிக்கிறோம். முன்கூட்டியே நிலையத்துக்குச் சொல்லிவிடுவோம், அம்மாதான் பொத்தானை அழுத்துவாங்க. அங்கிருந்து அழைப்பு வந்து, "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும்வரை போனை விட்டு நகர மாட்டாங்க.