இருங்காட்டுக்கோட்டை பையனுக்குப் பத்து ரேஸ் போதுமா?

பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போறவங்க கண்ணுல ஹூண்டாய் தொழிற்சாலை படாம இருக்காது. அங்கேயிருந்து சான்ட்ரோ வர ஆரம்பிச்சது 1998-ல. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1990-லயே, இருங்காட்டுக்கோட்டையில கார்கள் பறந்துக்கிட்டு இருந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் டிராக்கைத்தான் சொல்றேன். அதுக்கு முந்தி எல்லாமே சோழவரம்தான், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல அந்த கிளப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் இந்து சந்தோக். இந்தப் பதிவு அவரோட பேரன் கருண் சந்தோக் பத்தி.

கருண் 2001-ல ஃபார்முலா ஏசியா சாம்பியன். அப்புறம் ஐரோப்பா போய் ஜிபி2-ல ரெண்டு வெற்றி, 2007-ல ஸ்பா, 2008-ல ஹாக்கன்ஹைம். பிரமாதம்னு சொல்ல மாட்டேன், மோசமும் இல்லை. 2010-ல ஹிஸ்பானியா (எச்.ஆர்.டி.) டீம் மூலமா ஃபார்முலா ஒன். நாராயண் கார்த்திகேயனுக்கு அப்புறம் ரெண்டாவது இந்தியர்.

இனிமேதான் கூத்து. சீசனுக்கு முன்னாடி அந்த டீம் ஒரு நாள் கூட டெஸ்ட் ஓடலை. பஹ்ரைன்ல பயிற்சி நேரம் மொத்தமும் மெக்கானிக்குங்க கருணோட காரைக் கோர்த்துக்கிட்டே இருந்தாங்க. தகுதிச்சுற்றுலதான் அது முதல் தடவையா ஓடிச்சு! மறுநாள் ரேஸ் ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே மோதி அவுட். "பையனுக்கு ஓட்டத் தெரியலை"ன்னு நம்ம ஊர் டீக்கடையிலயே பேசினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மெல்போர்ன்ல அதே காரை 14-வதா கொண்டு வந்து சேர்த்தப்ப யாரும் பேசலை.

ஒரகடத்துல வேலை பார்க்கிற என் நண்பன் ஒருத்தன் சொல்வான்: "புது டிரெய்னி போல்ட்டை சரியா முடுக்கலைன்னா முதல்ல டூலை செக் பண்ணுவோம், அப்புறம்தான் பையனைத் திட்டுவோம்." எச்.ஆர்.டி.யில டூலே இல்லை சாமி.

பத்து ரேஸ். சில்வர்ஸ்டோன்ல 19-வது இடம். அதோட சரி, அடுத்த ரேஸ்ல ஜெர்மனியில அவர் சீட்டுல ஜப்பானோட சகோன் யமமோட்டோ. யமமோட்டோ சில்வர்ஸ்டோன்ல கருணுக்குப் பின்னாடி 20-வதா வந்தவர்! அந்த சில்வர்ஸ்டோன்ல அவர் உட்கார்ந்தது புரூனோ சென்னாவோட சீட்டுல, அதையும் சொல்லணும். மாமா அயர்டன் சென்னாங்கிற பேரு கூட அந்த டீம்ல பொறுமையை வாங்கித் தரலை.

இப்ப ஒரு வருஷம் தள்ளுங்க. 2011, அதே எச்.ஆர்.டி., அதே சில்வர்ஸ்டோன். இந்த தடவை சீட்டை இழந்தது நம்ம கோயம்புத்தூர் நாராயண், எட்டு ரேஸுக்கு அப்புறம். வந்தவர் டேனியல் ரிக்கியார்டோ. முதல் ரேஸ்ல எத்தனாவது இடம்னு நினைக்கிறீங்க? 19. கடைசி. கருண் விட்ட அதே இடம்! ஆனா ரிக்கியார்டோவுக்குப் பின்னாடி ரெட் புல் இருந்துச்சு. அங்க கத்துக்க அனுப்பி வெச்சாங்க, 19-வது இடத்தைப் பார்த்து பயப்படலை. 2014-ல அவர் மூணு கிராண்ட் ப்ரீ ஜெயிச்சார். ரெட் புல்லும் ஒண்ணும் புனிதர் இல்லை. 2019-ல பியர் காஸ்லியை 12 ரேஸோட கீழ் டீமுக்கு இறக்கினாங்க, அடுத்த வருஷம் அந்தக் கீழ் டீம் கார்லயே மான்சாவுல ஜெயிச்சார் மனுஷன். மிகா ஹாக்கினன் முதல் வெற்றிக்கு 1997 வரைக்கும் காத்திருந்தார், மெக்லாரன் 1993-லேர்ந்து கூடவே நின்னுச்சு. அப்புறம் ரெண்டு உலக சாம்பியன் பட்டம்.

நம்ம பையன்னு ஒரேயடியா சப்பைக்கட்டு கட்டவும் மனசு வரலை. 2011 ஜூலையில நர்பர்க்ரிங்ல லோட்டஸ் டீம் யார்னோ ட்ரூலிக்குப் பதிலா கருணை இறக்கிச்சு. ஒழுங்கான டீம். கூட்டாளி கோவலைனன் 16-வது, கருண் 20-வது, கடைசி. ஒரு வருஷம் ரேஸ் ஓட்டாம இருந்தவர், ஒரே வாரக்கடைசிதான் கெடைச்சது, எல்லாம் சரி. ஆனாலும் அன்னிக்கு டி.வி. முன்னாடி எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. அந்த ஒரு ரேஸுக்கு அவர் ஈடு கொடுக்கலைங்கறதுதான் உண்மை. அதை வெச்சே கதையை முடிச்சது தப்புன்னு இன்னமும் சொல்வேன்.

அந்த அக்டோபர்ல நொய்டா பக்கத்துல இந்தியாவோட முதல் கிராண்ட் ப்ரீ. கருணுக்கு வெள்ளிக்கிழமை பயிற்சி மட்டும். ஞாயித்துக்கிழமை நாராயண் எச்.ஆர்.டி.யில ஓட்டி 17-வதா வந்தார், கருண் வெளியே. ஃபார்முலா ஒன்ல அப்புறம் அவர் ரேஸ் ஓட்டவே இல்லை.

2012 ஜூன்ல லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார், அங்க ஓட்டின முதல் இந்தியர். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக்னு ரெண்டு பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க கூட. மூணு பேரும் மாறி மாறி ஓட்டி, மொத்தத்துல ஆறாவது இடம்.