தீப்பற்றாத் துப்பாக்கியும் சென்னைப் படையும்

போர்க்கருவிகளின் வரலாறு எழுதுவோர் துப்பாக்கியின் குறிதவறாமையையும் குண்டு எட்டும் தொலைவையுமே பெரிதும் பேசுவர். இவற்றினும் முற்பட்ட வினா ஒன்று உண்டு: விசையை இழுத்தவிடத்து மருந்து தீப்பற்றுமா? இவ்வினாவிற்கு விடை கண்ட பின்னரும் அது வீரர் கையை அடையக் காலந்தாழ்ந்தமையைச் சென்னைப் படையின் நிகழ்ச்சி ஒன்றால் ஈண்டு ஆராய்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் படையில் வழங்கியது சக்கிமுக்கித் துப்பாக்கி. வீரன் தாள்தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்திற் சிறிதைக் குழலின் பக்கத்துள்ள கிண்ணியில் இடுவான்; எஞ்சிய மருந்தையும் ஈயக்குண்டையும் குழலினுள் இட்டுக் கெட்டிப்பான். விசையை இழுப்பின் கல் எஃகில் உராய்ந்து பொறி சிதறும். கிண்ணியிற் பற்றிய தீ சிறுதுளை வழியாகக் குழலினுட் புகும். கல் தேயினும், துளை அடைபடினும், மருந்து நனையினும் துப்பாக்கி வெடியாது.

இக்குறையை நீக்க வழிகண்டவர் அலெக்சாண்டர் போர்சைத் என்னும் ஸ்காத்லாந்துச் சமயகுரு. தட்டினாலே வெடிக்கும் மருந்தைக்கொண்டு தீமூட்டும் முறைக்கு அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அம்மருந்தைச் சிறு செப்புமூடியில் அடைக்கும் வழக்கம் வந்தது. அதுவே ‘கேப்பு’. 1834இல் ஊல்விச்சில் இருவகைத் துப்பாக்கிகளையும் 6,000 முறை சுட்டு ஆராய்ந்தனர். சக்கிமுக்கி 922 முறை தவறியது. கேப்புத் துப்பாக்கி தவறியது 36 முறையே. முன்னது ஏறத்தாழ ஆறரைக்கு ஒன்று; பின்னது நூற்றறுபத்தாறுக்கு ஒன்று.

புதுக்கருவிக்குத் தோட்டா பொருந்துமா என்னும் இடர்ப்பாடு இங்கே பெரிதன்று. 1800இல் ஏற்கப்பட்ட பேக்கர் ரைபிளின் குழல்வாய் 0.625 அங்குலம், காலாட்படைத் துப்பாக்கியினதோ ஏறத்தாழ 0.75 அங்குலம். ஆதலின் ஒன்றன் குண்டு மற்றொன்றற்கு உதவவில்லை. கேப்பு முறையிலோ குழலும் குண்டும் மாறவேண்டுவதில்லை. தீமூட்டும் உறுப்பை மாற்றின், பழந்துப்பாக்கியே புதியதாகும். கேப்புகளை மட்டும் தனியே வழங்கல்வேண்டும்.

எனினும் 1841 மே 30ஆம் நாள், முதல் அபினிப் போரில், காண்டன் நகர்ப்புறத்துச் சான்யுவான்லிக்கு அருகே சென்னை 37ஆம் காலாட்படையினர் ஏந்தி நின்றவை சக்கிமுக்கித் துப்பாக்கிகளே. பெருமழை பெய்தது, மருந்து நனைந்தது. ஏனையோரிடமிருந்து பிரிந்துபோன ஏறத்தாழ அறுபதின்மர் கொண்ட பிரிவொன்று, ஈட்டிகளோடு சூழ்ந்த ஊர்மக்களை எதிர்த்து, சதுரமாக அணிவகுத்துத் துப்பாக்கிமுனைக் கத்தியையே நம்பி நின்றது. அவர்களைத் தேடி மீட்கச் சென்றவர் கேப்புத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர். அம்மழையிலும் அவர்தம் துப்பாக்கிகள் வெடித்தன.

பிரித்தானியப் படை முழுமையும்கூட அந்நாளில் மாறிமுடியவில்லை. ஆகவே இதனை இந்தியச் சிப்பாய்க்கே இழைத்த ஓரவஞ்சனை எனல் மிகைபடக் கூறலாம். ஆயினும் ஊல்விச் ஆராய்ச்சிக்கும் சான்யுவான்லிக்கும் இடையே கழிந்தவை ஏழாண்டுகள். குறைபட்டது அறிவன்று, அறிந்ததை வழங்கும் முயற்சியே. கருவிகளின் வரலாற்றைக் கண்டுபிடித்த ஆண்டோடு முடித்தல் போதாது. அது கடைசி வீரன் கையைச் சேர்ந்த ஆண்டையும் நோக்கல்வேண்டும் என்பது எம் துணிபு.