கறுத்த திரையும் மாறாத லினக்ஸும்



2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பழைய கணனியை வீசத்தான் வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். லினக்ஸ் போடலாம் என்றாலோ, "அப்டேட் செய்தால் திரை கறுத்துவிடும்" என்ற பயம். அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது. என்விடியாவோ தன் கிராபிக்ஸ் டிரைவரின் நிரலை மூடியே வைத்திருந்தது. கேர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரையும் அதற்கேற்பப் பொருத்த வேண்டும். பிசகினால் கறுத்த திரைதான். 2012இல் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை மேடையிலேயே கடுமையாகச் சாடினார். 2022இல்தான் புதிய கார்டுகளுக்கான கேர்னல் பகுதியை என்விடியா திறந்துவிட்டது.

இதற்கிடையே வேறொரு வழியும் பிறந்தது. 2018இல் பெடோரா 29உடன் சில்வர்புளூ வந்தது. இதில் முழு இயங்குதளமும் ஒரே இமேஜ். அன்றாடப் பாவனையில் அதன் உள்பகுதியை மாற்ற முடியாது. அப்டேட் வந்தால் புதிய இமேஜ் தனியாகத் தயாராகும். அது சரிவராவிட்டால் பழையதைத் தெரிவுசெய்து கணனியை இயக்கலாம். பிள்ளைகளின் கோப்புகள் அப்படியே இருக்கும். பின்னர் வந்த பசைட் போன்றவை என்விடியா டிரைவரையும் இமேஜுக்குள்ளேயே சேர்த்துத் தருகின்றன.

மிகப் பழைய கார்டுகளுக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆகவே முதலில் கார்டின் மாடலைப் பார்ப்போம், கோப்புகளைப் பிரதி எடுப்போம். வீசுவதா வைத்திருப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.